கடைசிப் பந்தி வரை பாட்டு

மருமகனே,

நீ கன்ட்ரோலர் வாங்கி டிஜே வேலையில் இறங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். முதல் சில நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்து, ‘யாரும் ஆடவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாயாம். நான் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மைக் செட் கட்டியவன். பனைமரத்தில் குழாயைக் கட்டி இசைத்தட்டு போட்ட காலத்திலிருந்து கேசட், சிடி, பென் டிரைவ் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கருவிதான் மாறியிருக்கிறது. நம்மைக் கூப்பிடுகிற விசேஷங்கள் மாறவில்லை: காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கல்யாண வரவேற்பு, கோயில் கொடை. அவற்றில் காலம் கழித்தவன் சொல்கிறேன், கேள்.

1. சின்ன நிகழ்ச்சி என்று எதையும் ஒதுக்காதே. நீ கற்றுக்கொள்கிற இந்தக் கலையே ஒரு சின்ன நிகழ்ச்சியில் வளர்ந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு பெண் விருந்து வைத்தாள். பள்ளி திறக்கும் நேரம். புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டு போட்டவன் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன், வயது 18. ஆடுகிறவர்கள் பாட்டில் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவன் கவனித்துக்கொண்டே இருந்தான். தாளம் மட்டும் தனித்து ஒலிக்கிற இடம் அது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினான். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் சொல்வது அவனைத்தான். ஹிப்-ஹாப் பிறந்த நாளாக இன்று கொண்டாடுவது அந்த விருந்து நாளைத்தான். அவன் கூலியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தான். காதுகுத்து வீட்டுக்காரர் சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி, கிடா வெட்டி அந்த ஒரு நாளை நடத்துகிறார். உன் சம்பளத்தில் அது சின்ன நிகழ்ச்சியாக இருக்கலாம். அவருடைய ஆயுளில் அது பெரிய நாள்.

2. கூட்டம் ஆடவில்லையே என்று குன்றிப்போகாதே. வரவேற்புக்கு வருகிறவர் மேடையேறி மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வேண்டும், மொய் எழுத வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும், பந்தியில் இடம் பிடிக்க வேண்டும், பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். ஆடுவதற்கு அவருக்கு நேரம் ஏது? நான் தொழிலுக்கு வந்த காலத்தில் யாரும் ஆடியதில்லை. கேட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே குழாய் பாடத் தொடங்கிவிடும். அடுத்த ஊர்க்காரர்கள் காற்றில் வரும் சத்தத்தை வைத்தே இன்னார் வீட்டில் விசேஷம் என்று தெரிந்துகொள்வார்கள். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசனத்தைப் பல வருஷம் கழித்தும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். 1984-இல் ‘விதி’ வந்தபோது அதன் கதை வசனக் கேசட் ஓடாத விசேஷம் குறைவு. அரிவாள்மணையோடு உட்கார்ந்த பெண்கள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நீதிமன்றக் காட்சியைக் கேட்பார்கள். கேசட் முடிந்ததும் ஒருவரும் கை தட்டியதில்லை. ஆனால் நடுவில் கரண்ட் போய் வசனம் நின்றால் நாலு பேர் எழுந்து வந்து விசாரிப்பார்கள். நமக்குக் கிடைக்கிற பாராட்டு பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆகவே நடுவில் ஆடுகிற நாலு இளைஞர்களை மட்டும் பார்க்காதே. ஓரத்து நாற்காலியில் இருக்கிற பெரியவரின் பாதம் தாளம் போடுகிறதா, பந்தி பரிமாறுகிற பையனின் உதடு அசைகிறதா என்று பார். டி. எம். சௌந்தரராஜன், சுசீலா பாட்டு வரும்போது எத்தனை தலை நிமிர்கிறது என்று பார். கூட்டம் உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

3. பாட்டு கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காதே. குடித்துவிட்டு வருகிற சித்தப்பா, ஒரே பாட்டை நாலாவது முறை கேட்கிற குழந்தை, தன் பாட்டு இப்போதே வர வேண்டும் என்று நிற்கிற மாப்பிள்ளைத் தோழன் எல்லாரும் வருவார்கள். ‘முடியாது’ என்று சொல்லாதே. பொய்யாக ‘சரி’ என்றும் சொல்லாதே. ‘ரெண்டு பாட்டு கழித்துப் போடுகிறேன் அண்ணே’ என்று சொல், சொன்னபடி போடு. அந்தக் கூட்டத்தில் எந்தச் செல்வாக்கும் இல்லாத ஒருவர் தயங்கித் தயங்கி உன் மேஜைக்கு வருவார். பெரும்பாலும் வயதான அம்மாவாக இருப்பார். பாட்டின் முதல் வரி தெரியாமல், படத்தின் பெயரும் மறந்து, நாயகி கட்டியிருந்த புடவையைச் சொல்லி அடையாளம் காட்டுவார். அதைத் தேடி எடுத்துப் போடு. நான் வேலை பார்த்த மைக் செட் கடை முதலாளி இப்படிப்பட்ட ஒரு பாட்டியை நாற்காலி போட்டு ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்காரவைத்து, இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கண்டுபிடித்தார். அந்த வீட்டிலிருந்து மூன்று தலைமுறை விசேஷமும் அவருக்குத்தான் வந்தது.

4. இதை மட்டும் மனத்தில் ஆழமாகப் பதியவை. சாதிப் பெருமை பேசுகிற பாட்டைப் போடாதே. நம் தென்மாவட்டங்களில் மைக் செட்காரனுக்கு வருகிற பெரிய சோதனை இதுதான். இரவு ஏறிய பிறகு நாலு பேர் சூழ்ந்துகொண்டு ஒரு பென் டிரைவை நீட்டுவார்கள். ‘எங்கள் ஊர், எங்கள் கோயில், எங்கள் காசு’ என்பார்கள். அந்தப் பாட்டு ஒலிப்பது பக்கத்துத் தெருவுக்காக. அங்கே இருக்கிறவனைக் குத்துவதற்காகவே அதைக் கேட்கிறார்கள். ஒரு கொடையில் அப்படி ஒலித்த ஒரே பாட்டுக்காகக் கல் பறந்ததையும், ஒரு பையனின் நெற்றி பிளந்ததையும், மறுநாள் இரண்டு தெருவிலும் போலீஸ் வேன் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். பாட்டைப் போட்டவன் வேறு ஊர்க்காரன். கட்டாயப்படுத்தினார்கள் என்று அழுதான். அவன் அழுததால் அந்தப் பையனின் தழும்பு மறையவில்லை. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, சாதியையோ மதத்தையோ கட்சியையோ தூக்கிப் பிடிக்கிற பாட்டும் ஆட்டமும் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை விதித்து வந்திருக்கிறது. அதை முன்கூட்டியே விழாக் கமிட்டியிடம் சொல். முன்பணம் வாங்கும் போதே, ‘இந்த வகைப் பாட்டு என்னிடம் கிடையாது, வெளி பென் டிரைவும் போட மாட்டேன்’ என்று சொல்லிவிடு. அதனால் ஒரு வேலை போனால் போகட்டும். சத்தத்தைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு ஒரு ஊரைக் கலைக்கிற சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியைக் கூலிக்கு விற்காதே.

5. பணப் பேச்சை வெட்கப்படாமல் பேசு. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது, எத்தனை பாக்ஸ், வண்டி வாடகை யாருடையது, ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. மீதிப் பணத்தைக் கடைசிப் பந்தி உட்காரும் முன்பே கேட்டு வாங்கு. மண்டபச் சாவியை ஒப்படைக்கிற அவசரத்தில் உன் பாக்கி யாருக்கும் நினைவிருக்காது. ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். ஆடியில் அம்மன் கோயில்கள் நமக்குச் சோறு போடும். மார்கழி வெறும் மாதம்தான். தையிலும் வைகாசியிலும் வருவதில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வை. இன்னொன்றும் சொல்கிறேன். இல்லாத வீடு என்று தெரிந்தால் முழுதாக இலவசமாகச் செய், அல்லது முழுக் கூலி பேசு. பாதிக் கூலி வாங்கிக்கொண்டு பாதி மனத்தோடு நிற்பது அவர்களுக்கும் அவமானம், உனக்கும் அவமானம். உன் சக தொழில்காரன் பேசி முடித்த இடத்தில் போய் விலையைக் குறைத்துப் பறிக்காதே. அடுத்த மாதம் உன் மிக்சர் பழுதானால் இரவல் கேட்கப் போகிற இடம் அவன் வீடுதான்.

6. மைக்கை முதலில் நீ பிடி, பிறகு பிறர் கையில் கொடு. பல பழைய மண்டபங்களில் பிளக் பாயின்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது. டெஸ்டரும் மல்டிமீட்டரும் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதே. கேபிளை நடைபாதையில் விட்டால் டேப் போட்டு ஒட்டு. மழை தூறினால் யார் திட்டினாலும் மெயினை அணைத்துவிடு.

7. பத்து மணிக்கு நிறுத்து. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் நள்ளிரவு வரைதான், வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கு விதி சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி இருக்கிறது. இதெல்லாம் சட்டம். சட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதக் கணக்கும் உண்டு. எந்தத் தெருவிலும் ஒரு வீட்டில் படுக்கையில் ஒருவர் இருப்பார், இன்னொரு வீட்டில் காலையில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை இருக்கும். பாக்ஸைக் கட்டும் முன் பக்கத்து வீடுகளில் ஒரு நடை போய், ‘தொந்தரவா இருந்தால் சொல்லுங்கம்மா, குறைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வா. ‘இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டு, நாங்க பாத்துக்கிறோம்’ என்று தோளில் தட்டுகிறவர் போலீஸ் வரும்போது பக்கத்தில் இருக்க மாட்டார். ஆம்ப்ளிபயர் உன்னுடையது, ஸ்டேஷனுக்குப் போவதும் அதுதான்.

பாட்டு ஒலிப்பதற்கான உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலம் உட்படத் திருமணத்தை ஒட்டிய நிகழ்ச்சிகளில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. ஓட்டலில் டிக்கெட் போட்டு நடத்துகிற புத்தாண்டு இரவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. நடத்துகிறவர் உரிமம் வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்.

8. நாதஸ்வரம் ஒலிக்கும்போது உன் பாக்ஸ் பேசக் கூடாது. தாலி கட்டுகிற நேரத்துக் கெட்டிமேளத்தின் மேல் எவ்வளவு நல்ல பாட்டும் விழக் கூடாது. இதில் நமக்கு ஒரு கடன் இருக்கிறது. நாங்கள் குழாய் கட்டியபோது மேளக்காரர்களின் பிழைப்பில் ஒரு பங்கு எங்களிடம் வந்தது. உன் லேப்டாப் வந்தபோது மைக் செட்காரர்களின் பிழைப்பில் ஒரு பங்கு உன்னிடம் வந்திருக்கிறது. நாளை இன்னொன்று வந்து உன் இடத்தையும் கேட்கும். ஆகவே தவில்காரரைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல். பறை அடிக்கிறவருக்கு நிழலில் ஒரு நாற்காலி போடு. அவர்கள் வாசித்து முடிக்கும்வரை உன் கை கன்சோலில் இருக்கக் கூடாது.

9. வித்தை காட்டுகிற ஆசையை அடக்கு. நம் குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடையில் போகின்றன. நீ நேசிக்கிற ஹவுஸ் இசையோ நாலு நாலாக அடிக்கிறது. சிங்க் பட்டனை அழுத்தி இரண்டையும் ஒட்டினால் கால்கள் தடுமாறும். ஆடுகிறவன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து விலகிப்போவான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாட்டை முடித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொடங்கினால் போதும். 1970-இல் நியூயார்க்கில் ‘தி லாஃப்ட்’ என்று பெயர் பெற்ற விருந்துகளைத் தன் வீட்டிலேயே தொடங்கிய டேவிட் மன்குசோ, பிற்காலத்தில் பாட்டுகளைக் கலப்பதையே விட்டுவிட்டார். முதலிலிருந்து கடைசி வரை முழுப் பாட்டாகப் போட்டார். உலகத்து டிஜேக்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். இளையராஜா பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன் வருகிற இசைக்காகவே அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் நம் மண்டபத்தில் இருக்கிறார்கள். அவசரத்தில் அதை வெட்டிவிடாதே.

10. உன் பெட்டி தூக்குகிற பையனுக்கு முதலில் சோறு போடு. டிஜே சாப்பிட்டாரா என்று கேட்க மண்டபத்தில் ஆள் இருக்காது. இது வருத்தமான உண்மைதான். போட்டோக்காரர், டிரைவர், சமையல் மாஸ்டர், சீரியல் செட் கட்டியவர், நீ எல்லாரும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவீர்கள். பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். அதற்காகத் தனியே ஓட்டலுக்குப் போகாதே. அந்தப் பந்தியில் உட்கார். ஊரின் எல்லா விசேஷங்களையும் தாங்கிப் பிடிக்கிற மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எந்த வீட்டில் அடுத்த கல்யாணம், எந்த மண்டபத்தில் வோல்டேஜ் குறைவு, யார் பாக்கி வைக்கிறவர் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எனக்கு வந்த வேலைகளில் பெரும்பங்கு சமையல் மாஸ்டர்கள் சொல்லி வந்தது. வீட்டுக்காரர் மறந்துபோகிற உன் உழைப்பை உன்னோடு உழைத்தவர் மறக்க மாட்டார்.

11. பெரிய மேடைகளில் ஆயிரம் கைகள் உயர்கிற வீடியோக்களை இரவு வீடு திரும்பியதும் பார்க்காதே. அந்த நேரத்தில் மனம் களைத்திருக்கும், எல்லாம் தோல்வியாகத் தெரியும். அதற்குப் பதில் ஒரு நோட்டில் எழுது. எந்த ஊர், என்ன விசேஷம், எந்த வயதுக்காரர்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்தார்கள், எந்தப் பாட்டுக்கு உட்கார்ந்தார்கள் என்று எழுதிக்கொண்டே வா. மணப்பெண்ணை வழியனுப்ப 1958-இல் வந்த ‘பானை பிடித்தவள் பாக்கியசாலி’ படப் பாட்டை இன்னமும் கேட்கிற வீடுகள் எவை என்பதை எந்தச் செயலியும் உனக்குச் சொல்லாது. உன் நோட்டு சொல்லும்.

12. கடைசியாக உன் காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். பாக்ஸுக்குப் பக்கத்தில் நீ நிற்கிற இடத்தில் 100 என்பது சாதாரணம். எங்கள் தலைமுறையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என்னோடு குழாய் கட்டியவர்களில் சிலருக்கு இன்று பேரப்பிள்ளை கூப்பிடுவது கேட்பதில்லை. சிலருக்கு அமைதியான இரவிலும் காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை. அந்த இரைச்சலை முழுதாகப் போக்குகிற மருந்து கிடையாது. பாக்ஸை உன்னை நோக்கித் திருப்பாதே. ஹெட்போன் சத்தத்தைக் குறை. இடையிடையே வெளியே போய் நின்றுவிட்டு வா. இசைக்காரர்களுக்கென்று விற்கிற காதடைப்பான் இருக்கிறது. பாட்டின் இனிமையைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். புது லைட் வாங்கச் சேர்த்து வைத்திருக்கிற பணத்தில் முதலில் அதை வாங்கு. உன் பெட்டி தூக்குகிற பையனுக்கும் ஒரு ஜோடி வாங்கு. வருகிற முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கிவிடு, மருமகனே.